போயா நாளில் ஒரு சைனீஸ் சாப்பாடு

"இனிமே இந்த வீட்ல எவன் பொண்ணு பாக்க வந்தாலும் கேசரி கிண்ட மாட்டேன். சொல்லிட்டேன்!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். அப்பா பேப்பரை அகல விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தரகர் அப்போதுதான் போனை வைத்திருந்தார். இரண்டாவது சம்பந்தமும் தட்டிப்போன செய்தி அது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். வந்த அன்றைக்கு ஜாதகம் இடிக்கவில்லை, அம்மா சுட்ட உளுந்து வடையும் இடிக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா திரும்பத் திரும்பத் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கைப்பக்குவம்னா இதுதான்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முந்தின சம்பந்தமும் இதே கதைதான். மாத்தளையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து சாப்பிட்டார்கள், ஏப்பம் விட்டார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

மலைநாட்டுத் தமிழர்களான எங்கள் ஆட்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிவாகிறதுவரை கை நனைக்கக் கூடாது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். டவுனில் குடியேறிக் கடை கண்ணி என்று ஆன பிறகு அதை நாங்கள் கொஞ்சம் தளர்த்திவிட்டோம். பலகாரம் சாப்பாட்டில் சேராது என்று நாங்களே ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டோம். இப்போது இரண்டு முறை பட்டுவிட்டதில் அம்மா பழைய சட்டத்தை இரண்டு மடங்காக்கித் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார். வாயால் சரி என்று சொல்லாத ஒருத்தருக்கு இந்த வீட்டில் இனிப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை. அப்பாவுக்கு டவுனில் சின்னதாக ஒரு புடவைக் கடை. நாட்டில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ஆட்கள் போக்குவரத்து கூடிப்போய், கண்டியைச் சுற்றியிருந்த சந்திகளில் எல்லாம் சிவப்புக் கூண்டு விளக்குத் தொங்கும் சைனீஸ் கடைகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றிலாவது ஒரு சீனரை நான் கண்டதில்லை. சமைப்பது ஹங்குரன்கெத்தைப் பையன், பரிமாறுவது தெல்தெனியப் பையன்.

மூன்றாவது சம்பந்தம் வந்தது அம்பிட்டியவிலிருந்து. யாழ்ப்பாணத்து ஆட்கள். தகப்பனார் தபால் கந்தோரில் வேலை பார்த்து, கண்டிக்கு மாறி வந்து, ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். ஒரே மகன், ஒரு காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையா என்று எங்கள் சொந்தத்தில் மூக்கைச் சுருக்கினார்கள். அந்தப் பக்கத்திலும் யாராவது சுருக்கியிருப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "அவங்க பழக்கவழக்கம் என்னா ஏதுன்னு நமக்கு என்ன தெரியும்? நாம ஒன்னு செய்ய, அவங்க ஒன்னு நெனைக்க!" என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

தரகரே வழி சொன்னார். "ரெண்டு வீடும் வேணாம்ங்க. பொதுவா ஒரு எடத்துல, ஒரு சைனீஸ் கடையில சந்திச்சுக்கலாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. கடை நம் வீடில்லையே. அங்கே யார் சாப்பிட்டாலும் அது கை நனைத்ததாகாது, சாப்பிடாமல் போனாலும் நஷ்டமில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் கந்தோர் பார்ட்டிக்கெல்லாம் போறவ. நல்ல கடையா ஒன்னு பாரு. நாலு பேரு மதிக்கிற மாதிரி இருக்கணும்."

பார்ட்டிக்கெல்லாம்! மேலதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது ஒரே ஒரு தரம் போயிருந்தேன். அன்றைக்கும் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, இன்னதென்று அடையாளம் தெரியாததை எல்லாம் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா மெல்லிய குரலில் சொன்னார்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா, நான் இனி யாரு வாசலுக்கும் போக மாட்டேம்மா. என்னால முடியல."

வாயெடுத்ததை அப்படியே மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். கல்யாணம் ஆகாமல் கிடப்பேன் என்ற பயம் அல்ல. மூன்றாவது தடவையும் தரகரின் போன் வந்து, அப்பா அதை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேப்பரை விரிப்பாரே, அதுதான் பயம். கடையை ஒழுங்காகத் தேர்ந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று எப்படியோ மண்டைக்குள் ஏறிவிட்டது. மனுசருக்குப் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

கந்தோரில் எனக்குப் பக்கத்துக் கதிரை ஒரு முஸ்லிம் தோழியுடையது. மடவளையில் வீடு, மூன்று பிள்ளைகள், உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்துக்கும் ஓர் அபிப்பிராயம். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா மொகத்த தொங்கப் போட்டுட்டு ஈக்கிற? வா புள்ள, நான் பாத்துத் தாரன்" என்று கிளம்பிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் பஸ்ஸிலும் ஆட்டோவிலுமாக அலைந்தோம்.

முதலில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கடை. வாசலில் வாயைப் பிளந்த டிராகன் பொம்மை, உள்ளே மீன் தொட்டி, மேசையில் மடித்து நிறுத்திய துணி. எனக்கு உடனே பிடித்துவிட்டது. தோழி மெனுவைப் புரட்டியவள், குடிக்க எடுத்த தண்ணீர்க் கிளாசை அப்படியே கீழே வைத்தாள். "பன்றி ஈக்குது." நாங்களும் பன்றி சாப்பிடுகிறவர்கள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ தெரியாது. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தால் ஒரு வாய் இறங்காது.

அடுத்தது பேராதனை வீதியில், தோழி வீட்டார் வழக்கமாகப் போகிற ஹலால் கடை. சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். குடும்பத்தோடு உட்காருவதற்குத் தடுப்புப் போட்ட அறைகள். நான் சரி என்று சொல்லப்போன நேரத்தில் மெனுவின் முதல் பக்கத்திலேயே மாட்டிறைச்சி, அதுவும் படத்தோடு. என் முகம் போன போக்கைப் பார்த்துத் தோழி சிரித்தாள். "அதுக்கு நான் என்ன செய்ற? ஒங்களுக்கு மாடு ஆகாது, எங்களுக்குப் பன்றி ஆகாது. இந்தச் சைனாக்காரன் யாருக்குத்தான் சமைக்கிற?"

பிறகு கெட்டம்பே தாண்டி ஒன்று. அது சைனீஸ் இல்லையாம், ஏசியனாம். தாய்லாந்து, இந்தோனேசியா என்று மெனு உலகப்படம் மாதிரி விரிந்தது. புளிப்பும் புல் வாசமுமாக ஒரு சூப் வந்தது. ஒரு கரண்டி குடித்த தோழி, சளிக்கு நல்லது என்றாள். அதோடு அதை விட்டோம். அம்பிட்டியச் சந்தியிலேயே ஒரு கடை இருந்ததாம். அதை அம்மா பார்க்கவே விடவில்லை. "அவங்க வாசல்லயே போய் உக்காந்தா, நாமதான் ஓடிப் போயி நிக்கிறோம்னு ஆயிரும்."

கடைசியில் ஒரு விதி எனக்கு விளங்கியது. பன்றி இல்லாத கடையில் மாடு இருக்கும், மாடு இல்லாத கடையில் பன்றி இருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் கீழே பார் இருக்கும். தென்னக்கும்புரப் பக்கம் கண்ட கடை அந்த மூன்றாவது ரகம். கோழி, இறால், கணவாய், மரக்கறி மட்டும்தான். மேல் மாடியில் குடும்பங்களுக்கென்று விசாலமான ஹோல், ஜன்னலைத் திறந்தால் மகாவலி. எல்லாம் பொருத்தம். ஆனால் மேலே ஏறும் படி பாருக்குள்ளால்தான் போகிறது. நாங்கள் போன பட்டப்பகலில் ஒருத்தர் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். "விடு, எல்லாத்தையும் விடு, எனக்குக் கல்யாணமும் வேணாம் கருமாதியும் வேணாம்" என்று ரோட்டில் வைத்தே கத்தினேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்துப் பஸ் தரிப்பில் உட்கார வைத்தாள்.

"புள்ள, போயா அன்னைக்கி வெச்சிக்கங்களன். நாடு முழுக்க பார் மூடித்தானே ஈக்கும். படியில எவனும் பாட மாட்டான்."

அடடா! இந்த மூளையை வைத்துக்கொண்டு இவள் ஏன் எங்கள் கந்தோரில் பைல் தள்ளிக்கொண்டிருக்கிறாள்? போயா என்றால் பௌத்தர்களின் பௌர்ணமி நாள், எல்லோருக்கும் லீவு, குடிகாரர் தொல்லை இல்லை, ரோட்டிலும் நெரிசல் இல்லை. வீட்டில் சொன்னதும் அம்மா பஞ்சாங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பௌர்ணமி நெறஞ்ச நாளு. அதவிட நல்ல நாளு ஏது?" என்றார். தரகர் அம்பிட்டியவுக்குப் போன் போட்டார். அங்கிருந்து "ஓம், வாறம்" என்று பதில் வந்தது.

அந்தப் போயாவும் வந்தது. கீழே பார் பூட்டு, படி வெறிச்சோடிக் கிடந்தது. நான் மனதுக்குள் தோழிக்கு ஒரு கும்பிடு போட்டேன். மேலே எங்களைத் தவிர இரண்டு குடும்பம்தான். அவர்கள் வந்தார்கள். தகப்பனார் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நல்ல உயரம். தாய் மெலிந்தவர், சாம்பல் நிறச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் மகன், கண்ணாடியும் கையில் குடையுமாக. மழைக்கான அறிகுறியே இல்லாத நாளில் எதற்குக் குடை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, என்ன வேலை, எந்த பஸ்ஸில் போய் வருகிறேன் என்றெல்லாம் விசாரித்தார். அவரோடு பேசுவது சுகமாக இருந்தது. மகன் வாய் திறந்தது ஒரே ஒரு தரம், அதுவும் ஜன்னலைப் பார்த்து: "இந்த இடத்தில ஆறு நல்ல ஆழம்." அதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றேன். ஆற்றின் ஆழம் எனக்கு எப்படித் தெரியும்?

பரிமாறும் பையன் ஓடர் எழுதும் கொப்பியும் கையுமாக வந்து நின்றான். அப்பாவுக்கு மெனுவில் எதுவும் விளங்கவில்லை. விளங்காததை வெளியே காட்டவும் அவருக்கு மனமில்லை. பையன் ஒவ்வொன்றுக்கும் "ஃபுல்லா சேர், ஹாஃபா?" என்று கேட்டான். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் யாராவது அரை என்று சொல்வார்களா? "எல்லாம் ஃபுல்!" என்றார் அப்பா, கலியாண வீட்டுக்குச் சமையல் சொல்கிறவர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஃப்ரைட் ரைஸ் இரண்டு மலை, நூடில்ஸ் ஒரு மலை, கோழி, இறால், கணவாய், சோளமாவில் மினுங்கும் மரக்கறிக் குழம்பு என்று மேசையில் தண்ணீர்க் கிளாஸ் வைக்க இடமில்லை.

யாரும் தொடவில்லை.

விருந்து வைக்கிறவர்கள் நாங்கள், விருந்தாளி தொடாமல் நாங்கள் எப்படித் தொடுவது? அப்பா, "எடுங்க, எடுங்க, ஆறிரும்" என்றார். அந்தத் தகப்பனார், "ஓம், ஓம், நீங்களும் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி புன்சிரிப்போடு மடியில் கை வைத்துக்கொண்டிருந்தார். மகன் தகப்பனைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். திரும்பவும் அப்பா, "எடுங்க." திரும்பவும் அவர், "ஓம், ஓம்." இப்படியே போனது. பரிமாறும் பையன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்து, கடைசியில் மெதுவாக, "சாப்பாட்டில ஏதும் குறையா சேர்?" என்று கேட்டேவிட்டான்.

அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். காதுக்குள், "தொட மாட்டேங்கிறாங்க பாரு. வேணாம்னுதான் அர்த்தம்" என்றார். கடையில் சாப்பிட்டால் அதற்கு அர்த்தமில்லை என்று சொன்னவரே இவர்தான். சாப்பிட்டால் அர்த்தமில்லை, சாப்பிடாவிட்டால் மட்டும் அர்த்தம் வந்துவிடுமா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த அம்மா என்னிடம் அவ்வளவு வாஞ்சையாகப் பேசுகிறார், ஒரு பருக்கையைக்கூடத் தொட மாட்டேன் என்கிறார். என்னைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா? நான் ஊரெல்லாம் அலைந்து தேடிய கடையில் என்ன குறை? கண்ணுக்குள் சுரீர் என்றது. அதோடு, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் பசி வேறு குடலைப் பிடுங்கியது. போனால் போகட்டும், இரண்டோடு மூன்று என்று ஒரு வெறி வந்தது. கரண்டியை எடுத்தேன். என் தட்டில் சோற்றைப் போட்டேன், இறாலைப் போட்டேன், யாரையும் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினேன்.

பெண் பார்க்க வந்த மேசையில் பெண் முதலில் சாப்பிட்டாள்! அம்மாவின் கிள்ளு தோலைக் கழற்றிவிடும் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த இறால் அமிர்தமாக இருந்தது.

அந்தத் தகப்பனார்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, எனக்கும் கொஞ்சம் போடும்" என்று தட்டை நீட்டினார். போட்டேன். மகனும் நீட்டினார். போட்டேன். அப்பா பெருமூச்சு விட்டுத் தானே எடுத்துக்கொண்டார். எல்லோரும் பேயாய்ப் பசித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா மட்டும் தொடவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, தேத்தண்ணீரும் குடித்த பிறகு, அவர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, என்ர பங்கை ஒரு பார்சல் கட்டித் தாரும்" என்றார். சோறும் கோழியும் இறாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவித்து, பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஆட்டோவிலேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. "நம்மளோட உக்காந்து சாப்பிடல. ஆனா வீட்டுக்குக் கொண்டு போறாங்க. இது என்னா கணக்கு?" என்றார் அப்பா. கொண்டு போனால் சம்மதம்தான் என்று அம்மா ஒரு நாள் சொன்னார். நம்மோடு சாப்பிட விருப்பமில்லாததால்தான் கொண்டு போனார்கள் என்று அடுத்த நாள் சொன்னார். நாய்க்குப் போட்டிருப்பார்கள் என்றும் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன். கந்தோரில் தோழியிடம் நியாயம் கேட்டேன். "எங்கட பக்கம் எண்டா, பார்சல் கட்டினா சாப்பாடு நல்லம் எண்டுதான் அர்த்தம். அதுக்கு மேல ஆராயப் போனா ஒனக்குப் பைத்தியம்தான் புடிக்கும்" என்றாள். தரகருக்குப் போன் போட்டால், "அவங்க ஒன்னும் சொல்லல்லையே" என்றார். பேப்பர் அப்பாவின் முகத்துக்கு முன்னால் மறுபடி ஏறியது. பெண் முதலில் சாப்பிட்ட குற்றத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை பின்னேரம், நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டு ஏற்றத்தில் சாம்பல் நிறச் சேலை ஒன்று மூச்சு வாங்க ஏறி வருவது தெரிந்தது. அந்த அம்மாதான். தனியாக, பஸ்ஸில் வந்து, ஆட்களிடம் விசாரித்து நடந்து வந்திருக்கிறார். கையிலிருந்த ஈர உடுப்பை அப்படியே வாளிக்குள் போட்டேன். "வாங்க, உள்ள வாங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா அங்கே கேத்திலைப் பிடித்தபடி உறைந்து நின்றார். "தேத்தண்ணி குடுக்கலாமாடி? அது கை நனைச்சதாகுமா? பிஸ்கட் வச்சா? அவங்க இன்னும் ஒன்னும் சொல்லலியே!"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க சட்டத்த என்னக் கேக்கிறீங்க!" என்று பல்லைக் கடித்தேன்.

கடைசியில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர்தான் போனது. நல்ல வேளை, அப்பா கடைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பார். அந்த அம்மா தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"குறை நினையாதையுங்கோ. அண்டைக்கு நான் சாப்பிடேல்ல. நீங்கள் என்ன நினைச்சியளோ எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நித்திரை இல்லை. நான் ஒவ்வொரு பூரணைக்கும் காலமான என்ர அம்மாவுக்காக விரதம். வெளியில ஒண்டும் வாயில வைக்கிறேல்ல."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். போயா என்றால் எங்களுக்கு லீவு, போயா என்றால் பார் மூடு. அதே பௌர்ணமி நாள்தான் பூரணை விரதம் என்பது கண்டியில் பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பேரில் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. நெறஞ்ச நாள் என்று பெருமைப்பட்ட அம்மாவுக்கும் எட்டவில்லை. குடிகாரனைத் தவிர்க்கப் போய் மாமியாரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

"நாள் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அம்மா, அழுகிற குரலில்.

"எப்பிடிச் சொல்றது? பிள்ளைதான் கடை தேடி, நாள் பாத்து எல்லாம் செய்தது எண்டு தரகர் சொன்னவர். முதல் முதல் ஒரு பிள்ளை ஆசையாச் செய்த ஒழுங்கை நான் குழப்பிறதே? மேசையில வைச்சு விரதம் எண்டு சொன்னாலும் பிள்ளைக்கு முகம் சுண்டிப் போகும். அதுதான் பேசாமல் இருந்தன்." என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பார்சலை அடுத்த நாள் காலமை சூடாக்கிச் சாப்பிட்டனான். இறால் நல்ல ருசி."

நாய்க்குப் போட்டிருப்பார்கள் என்று சொன்ன அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்போதாவது ஒரு முடிவு சொல்வார் என்று அம்மாவும் நானும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, உமக்கு என்ர மகனைப் பிடிச்சிருக்கோ?"

இத்தனை வாரங்களாக எல்லோரும் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தக் கடை, எந்த நாள், மாடு உண்டா, பன்றி உண்டா, பாரை எப்படிக் கடப்பது, சூப் வேண்டுமா? இதை ஒருவரும் கேட்கவில்லை. முதல் இரண்டு சம்பந்தத்திலும்கூட ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்விட வெட்கம், அவர்களுக்கு என்னைப் பிடித்ததா என்று இரவு பகலாக மண்டையை உடைத்த நான், எனக்கு அவரைப் பிடித்ததா என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஒரு கண்ணாடி, ஒரு குடை, ஆற்றைப் பற்றி ஒரு வசனம். அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா பின்னாலிருந்து "சொல்லேன்டி, புடிச்சிருக்குன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அம்மாவுக்கு மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டேன், இனி வருவது வரட்டும் என்று நானும் நின்றேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"அவனும் இதைத்தான் சொன்னவன். கதைக்கவே இல்லை, என்னெண்டு தெரியும் எண்டு கேக்கிறான். நியாயம்தானே? எங்களை எல்லாம் விட்டிட்டு, நீங்கள் ரெண்டு பேரும் தனியப் போய் ஒருக்கா இருந்து கதைச்சுச் சாப்பிடுங்கோ. பிறகு பிடிக்கேல்ல எண்டு சொன்னாலும் உம்மில ஒருத்தருக்கும் கோவம் வராது. கடையை அவன் தேடட்டும். நீர் அலைஞ்சது போதும்."

அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த நேரத்தில் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தரின் தோளில் முகத்தை வைத்து, ஈரக் கையோடு அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுதுகொண்டே "சரிங்க" என்றேன்.